ஹெச்.பி.வி. 16 பாசிட்டிவ்: எந்த ரகம் என்று தேட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 38. உடல் பரிசோதனையில் 'ஹெச்.பி.வி. 16 டிடெக்டட், பாப் ஸ்மியர் நார்மல்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி, 16-க்குள்ளேயே ஆசிய ரகம்தான் அதிக ஆபத்து என்று ஓர் ஆய்வில் படித்ததாகச் சொல்லி, சீக்வென்சிங் செய்யச் சொல்கிறான். லேபில் கேட்டால் வெளியூருக்கு அனுப்பிச் செய்து தரலாம் என்கிறார்கள். மகளுக்கு 12 வயது. கொரோனா மாதிரி இதுவும் உருமாறிக்கொண்டே இருந்தால் அவளுக்குத் தடுப்பூசி போட்டு என்ன பயன்? என் அப்பா ஹெபடைடிஸ் பி முற்றி, கல்லீரல் புற்றுநோயில் இறந்தார். அதனால் பயம் இரண்டு மடங்காக இருக்கிறது.
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஹெச்.பி.வி. என்பது கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ். அதன் மரபணு எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் சீக்வென்சிங்குக்குப் பணம் கட்ட வேண்டாம். ஆனால் கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபிக்கு இந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள். பாப் நார்மல் என்பதால் 'அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ரிப்போர்ட்டில் 16 அல்லது 18 என்று எண் சொல்லி வந்துவிட்டால், பாப் எப்படி இருந்தாலும் கருப்பை வாயை நேராகப் பார்த்துவிட வேண்டும். காரணம், கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் விட்டுவிடுகிற புண்கள் உண்டு. அமெரிக்காவில் லட்சக்கணக்கான பெண்களைத் தொடர்ந்து கவனித்த தரவின்படி, 16 பாசிட்டிவ், பாப் நார்மல் என்ற நிலையில் இருப்பவர்களில் நூறுக்குச் சுமார் ஐந்து பேருக்கு அப்போதே சி.ஐ.என். 3 என்ற முற்றிய முன்-புற்றுநிலையோ அதற்கு மேலோ இருக்கிறது. இந்தக் கணக்கு நூறுக்கு நான்கைத் தொட்டாலே கால்போஸ்கோபி என்பது அங்குள்ள வரையறை. மற்ற தொண்ணூற்றைந்து பேருக்கு அப்படி எதுவும் இருக்காது என்பதையும் இதே கணக்குதான் சொல்கிறது. அதனால் அவசரப்படுங்கள், பதற்றப்படாதீர்கள்.

இனி உங்கள் தம்பி படித்தது. அதில் பாதி சரி.

ஹெச்.பி.வி. என்பது ஒரே வைரஸின் பெயர் அல்ல. 200-க்கும் மேற்பட்ட வகைகள் அடங்கிய பெரிய குடும்பம் அது. வைரஸின் மேலோட்டைக் கட்டுகிற எல்1 மரபணுவின் எழுத்துகள் மற்ற வகைகளோடு ஒப்பிட 10 சதவீதமாவது வேறுபட்டால்தான் அதைத் தனி வகையாக எண்ணிட்டு எழுதுவார்கள். 16, 18, 31, 45 எல்லாம் அப்படி வந்த எண்கள். ஒரே வகைக்குள் முழு மரபுத்தொகுதியும் 1 முதல் 10 சதவீதம் வரை வேறுபட்டால் அது கால்வழி. அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரை என்றால் உட்கால்வழி. வகை என்பது நெல்லுக்கும் சோளத்துக்கும் உள்ள தூரம். கால்வழி என்பது பொன்னிக்கும் சீரகச் சம்பாவுக்கும் உள்ள தூரம்.

16-ஆம் வகைக்கு ஏ, பி, சி, டி என்று நான்கு கால்வழிகள் உண்டு. அவற்றின் உட்கால்வழிகளில் ஏ4-க்குப் பழைய பெயர் 'ஆசியன்'. டி2, டி3 இரண்டையும் 'ஏசியன்-அமெரிக்கன்' என்று அழைத்தார்கள். இந்தப் பெயர்கள்தான் உங்கள் தம்பியைக் குழப்பியிருக்க வேண்டும். ஏ4 சீனா, ஜப்பான், கொரியா பக்கம் அதிகம் காணப்படுவது. டி2, டி3 தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் அதிகம். இந்தியாவில் செய்த ஆய்வுகளில் பெரும்பாலும் கிடைத்தது ஏ கால்வழியில் முன்பு 'ஐரோப்பியன்' என்று அழைக்கப்பட்டதுதான். வைரஸுக்கு ஊர்ப் பெயர் வைத்ததன் விளைவு இது. இப்போது வெறும் எழுத்தும் எண்ணும் மட்டுமே போடுகிறார்கள்.

ஆய்வு சொன்னதில் சரியான பாதி இது. வட கலிஃபோர்னியப் பெண்களிடம் எடுத்த மாதிரிகளை வைத்து 2016-இல் வெளியான ஆய்வில் டி2, டி3, ஏ4 ஆகிய மூன்றுக்கும் மற்ற உட்கால்வழிகளைவிட ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது. குறிப்பாக டி2, கருப்பை வாயின் உட்குழாயில் சுரப்பித் திசுவில் தோன்றுகிற அடினோகார்சினோமா என்ற புற்றுநோயோடு வலுவாக ஒட்டி நின்றது. அடுத்த ஆண்டு அதே வரிசையில் வந்த ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. 5,570 மாதிரிகளில் 16-இன் முழு மரபுத்தொகுதியையும் படித்தார்கள். ஆயிரக்கணக்கில் வெவ்வேறு வடிவங்கள் கிடைத்தன. ஆனால் 98 அமினோ அமிலம் மட்டுமே நீளமுள்ள இ7 என்ற குட்டிப் புரதத்தைத் தருகிற பகுதி மட்டும், புற்றுநோய் வந்தவர்களிடம் கிட்டத்தட்ட மாறாமலே இருந்தது. மாறிய இ7-ஐச் சுமந்த வைரஸ்கள் பெரும்பாலும் நோய் வராத பெண்களிடம்தான் கிடைத்தன. செல் பிரிவதைக் கட்டுப்படுத்துகிற ஆர்.பி. புரதத்தைப் பிடித்து முடக்குவது இந்த இ7. அதன் கூட்டாளி இ6, செல்லின் காவலாளியான பி53-ஐ அழிக்கிறது. சாவியின் பல் ஒன்று தேய்ந்தாலும் பூட்டு திறக்காது. அதனால் இந்த வைரஸில் 'உருமாற்றம்' என்று கேள்விப்பட்டாலே ஆபத்து கூடிவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. பல மாற்றங்கள் வைரஸையே நொண்டியாக்குகின்றன. அவற்றில் கணிசமானவை நம் உடலின் அபோபெக்3 என்ற நொதி வைரஸின் எழுத்துகளைக் கிறுக்கிக் கெடுத்ததால் வந்தவை. அந்தக் கிறுக்கல் அதிகமுள்ள தொற்று தானாக விலகிப்போவதற்கும் வாய்ப்பு அதிகம்.

இவ்வளவு தெரிந்திருந்தும் உங்களுக்கு ஏன் சீக்வென்சிங் வேண்டாம் என்கிறேன்? முதல் காரணம், பதில் எதுவாக வந்தாலும் செய்ய வேண்டியது மாறாது. 16-இல் ஆபத்து குறைந்த கால்வழி என்று வந்தாலும் அது 16-தான். எல்லா ஹெச்.பி.வி.களிலும் கொடியது அதுவே. உங்களுக்குக் கால்போஸ்கோபி வேண்டும். டி2 என்று வந்தாலும் வேண்டியது அதே கால்போஸ்கோபிதான். கால்வழியைப் பார்த்துச் சிகிச்சையை முடிவு செய்யச் சொல்லும் வழிகாட்டுதல் எதுவும் இல்லை. இரண்டாவது, தொழில்நுட்பச் சிக்கல். கால்வழியை அறிய இ6 பகுதியையும் அதை ஒட்டிய கட்டுப்பாட்டுப் பகுதியையும் பெருக்கிப் படிக்க வேண்டும். மாதிரியில் வைரஸ் குறைவாக இருந்தால் படிப்பு பாதியில் நின்றுவிடும். இரண்டு ரகங்கள் ஒன்றாக இருந்தால் சாங்கர் என்ற சாதாரண சீக்வென்சிங் முறையில் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இல்லாத ஒரு மூன்றாவது ரகம் போலத் தெரியும். மூன்றாவது, அந்த ஆபத்துக் கணக்குகள் வேறு ஊர்ப் பெண்களிடம் எடுத்தவை. ஐரோப்பிய ரகம் வெள்ளைப் பெண்களிடமும், ஆப்பிரிக்க ரகம் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களிடமும் அதிக நாள் தங்குகிறது என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. அதாவது வைரஸின் கால்வழியோடு சுமப்பவரின் வம்சாவளியும் சேர்ந்துதான் கணக்கு. அதை அப்படியே ஈரோட்டுக்குக் கொண்டுவந்து பொருத்த முடியாது.

கால்வழி ஆய்வுக்கு ஒரு நல்ல பயன் உண்டு. ஒரு பெண்ணிடம் இரண்டு வருட இடைவெளியில் இரண்டு முறையும் 16 வந்தால் அது பழைய தொற்றா, புதிதாக வந்ததா என்று அதை வைத்துச் சொல்லலாம். ஆராய்ச்சியாளர்களுக்கு அது வேண்டும். உங்கள் மருத்துவருக்கு, 16 விலகாமல் இருக்கிறது என்பது தெரிந்தாலே போதும்.

உண்மையில் உங்களுக்குத் தேவையான மரபணு வேறுபாட்டுத் தகவலை ரிப்போர்ட் ஏற்கெனவே தந்துவிட்டது. '16' என்ற அந்த எண்தான் அது. கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 இரண்டுமே காரணம். நீங்கள் செய்தது இவ்விரண்டையும் பெயர் சொல்லித் தந்து, மற்ற ஆபத்தான வகைகளை ஒரே மொத்தமாகக் காட்டுகிற பரிசோதனையாக இருக்கும். எண்ணே சொல்லாமல் 'ஹை ரிஸ்க் பாசிட்டிவ்' என்று மட்டும் தருகிற பரிசோதனைகளும் புழக்கத்தில் உண்டு. தெரிந்தவர்கள் யாராவது பரிசோதனைக்குப் போகும்போது, 16, 18 தனியாக வருமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

பரிசோதனையின் ஒரு பலவீனத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் மரபணு விஷயம்தான். பல கருவிகள் எல்1 பகுதியைத் தேடுகின்றன. நாள்பட்ட தொற்றில் வைரஸின் வட்டமான டி.என்.ஏ. உடைந்து நம் குரோமோசோமுக்குள் செருகிக்கொள்ளும்போது இ1, இ2, எல்1 பகுதிகள் சில சமயம் தொலைந்துபோகும். இ6, இ7 மட்டும் தொலையாது. அதனால் எல்1-ஐ மட்டும் தேடும் பரிசோதனை, அரிதாக, புற்றுநோய் உள்ளவரிடமே நெகட்டிவ் காட்டலாம். உறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், நாற்றமுள்ள வெள்ளை, இவற்றில் எது இருந்தாலும் நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது.

கால்போஸ்கோபி பற்றி. மாதவிடாய் இல்லாத நாளாகப் பாருங்கள். முந்தைய 48 மணி நேரத்துக்கு உறவு, உள்ளே வைக்கும் மாத்திரை, கிரீம் எதுவும் வேண்டாம். மயக்க மருந்து தேவையில்லை. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருப்பதை, கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடமாவது காத்திருந்து பெரிதாக்கிப் பார்ப்பார்கள். மாறுபட்ட இடங்கள் வெள்ளையாகத் தெரியும். தடவியவுடனே பார்த்து முடித்துவிட்டால் மெல்லிய வெள்ளைகள் தப்பிவிடும். வெள்ளை தெரிந்த இடங்களில் குறைந்தது இரண்டு, அதிகபட்சம் நான்கு பயாப்சி எடுப்பது நல்லது. ஒன்றோடு நிறுத்தினால் மோசமான இடம் விட்டுப்போக வாய்ப்பு உண்டு. கருப்பை வாயின் வெளிச் செல்களும் உட்குழாய்ச் செல்களும் சந்திக்கிற உருமாற்ற வளையம் முழுதும் தெரிந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். அது குழாய்க்குள் ஏறியிருந்தால் உட்குழாயைச் சுரண்டி எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். 16, 18 இரண்டும் சுரப்பித் திசுவுக்குள் மறைந்து வளரக்கூடியவை. அந்த டி2 ஆய்விலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள ஒன்று உண்டென்றால் அது இந்த எச்சரிக்கைதான்: வெளியே சுத்தமாக இருந்தாலும் குழாயை மறக்காதீர்கள்.

எதுவும் இல்லை என்று வந்தால் 12 மாதத்தில் மீண்டும் ஹெச்.பி.வி. பரிசோதனை. அப்போதும் 16 இருந்தால் மீண்டும் கால்போஸ்கோபி. தொற்றுகளில் பத்தில் ஒன்பது இரண்டு வருடத்துக்குள் தானாக விலகிவிடும். சி.ஐ.என். 1 என்ற லேசான மாற்றம் என்றால் பொதுவாகக் கண்காணிப்பே போதும். சி.ஐ.என். 3 என்றால் கட்டாயம் அகற்ற வேண்டும். நியூசிலாந்தில் அதைச் சரியாகச் சிகிச்சை செய்யாமல் விட்ட பெண்களில் 30 ஆண்டுகளில் பத்துக்கு மூன்று பேருக்குப் புற்றுநோய் வந்தது. அகற்றுவது மின்கம்பி வளையத்தால் செய்கிற சிறு சிகிச்சை. கருப்பையை எடுக்க வேண்டியதில்லை. 'எதற்கு வம்பு, கருப்பையையே எடுத்துவிடலாம்' என்று இந்த ரிப்போர்ட்டை வைத்துச் சொன்னால், இன்னொரு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

நீங்கள் கேட்காதது ஒன்று. இது உறவு வழியாகப் பரவும் வைரஸ்தான், ஆனாலும் இந்த ரிப்போர்ட்டை வைத்து வீட்டில் யாரையும் சந்தேகப்பட வேண்டாம். தொற்று எப்போது, எப்படி வந்தது என்று இதிலிருந்து சொல்லவே முடியாது. பத்து வருடம் அடங்கிக் கிடந்துவிட்டு இப்போது வெளிப்பட்டதாகவும் இருக்கலாம்.

இனி மகளின் தடுப்பூசி. கொரோனாவோடு ஒப்பிடுவது இங்கே பொருந்தாது. கொரோனா, இன்ஃப்ளூயன்சா, ஹெபடைடிஸ் சி எல்லாம் ஆர்.என்.ஏ. வைரஸ்கள். ஹெபடைடிஸ் சி தன்னைப் பிரதி எடுக்கும்போது பிழை திருத்துவதே இல்லை. அதற்கு இன்றுவரை தடுப்பூசி வராததற்கு அது ஒரு பெரிய காரணம். ஹெச்.பி.வி. அப்படியல்ல. சுமார் 7,900 எழுத்து நீளமுள்ள தன் டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்க நம் செல்லின் நொதியையே கடன் வாங்குகிறது. அந்த நொதி பிழை திருத்தக்கூடியது. அதனால் ஒரு கால்வழி இன்னொன்றாகப் பிரிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். 16-இன் ஏ கால்வழி மற்றவற்றிலிருந்து சுமார் ஐந்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்திருக்கலாம், நியாண்டர்தால்களிடமிருந்து நமக்குத் தொற்றியிருக்கலாம் என்றுகூட ஒரு கருத்து உண்டு. தடுப்பூசியில் இருப்பது எல்1 புரதத்தால் செய்த வெறும் கூடு. அதற்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள்கள் 16-இன் எல்லாக் கால்வழிகளையும் அடக்குகின்றன. மகளுக்கு எந்தக் கால்வழி வந்தாலும் 16 அவள்மீது ஏறாது. தடுப்பூசிக்கு எல்லை உண்டு. அந்த எல்லை வகை என்கிற மட்டத்தில் வருகிறது. சீரம் இன்ஸ்டிட்யூட்டின் செர்வாவேக் 6, 11, 16, 18 என்ற நான்கு வகைகளுக்கு. ஒன்பது வகை ஊசி அவற்றோடு 31, 33, 45, 52, 58-ஐயும் சேர்த்தது. ஆப்பிரிக்கப் பெண்களிடம் அதிகம் புற்றுநோய் தருகிற 35 இவற்றில் இல்லை. அதனால் ஊசி போட்டவளும் 30 வயதுக்கு மேல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

அவளுக்கு 12 வயது என்பதால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ். ஐந்து மாதத்துக்குள் இரண்டாவதைப் போட்டுவிட்டால் மூன்றாவது தேவைப்படும். 15 வயது தாண்டினால் மூன்று டோஸ் என்பதுதான் நம் மருத்துவர்களின் வழக்கமான அட்டவணை. 9 முதல் 20 வயது வரை ஒரே டோஸும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 இறுதியில் சொல்லியிருக்கிறது. ஆனால் தனியாகப் பணம் கட்டிப் போடுகிறவர்கள் இரண்டையும் போட்டு முடிப்பதே என் பரிந்துரை. ஊசி போட்டதும் 15 நிமிடம் உட்கார்ந்தே இருக்கட்டும். இந்த வயதுப் பிள்ளைகள் ஊசிக்குப் பின் மயங்கி விழுவது சகஜம். விழுந்து அடிபடுவதுதான் பிரச்சினை. உங்களுக்கு இப்போது இருக்கும் 16-ஐ இந்த ஊசி விரட்டாது. அந்த நம்பிக்கையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ரகம் தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாதோ என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்து, தேவையானவர்களுக்குச் சிகிச்சை தந்தார்கள். 2007-இல் வெளியான அந்த முடிவின்படி கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைந்தது. அங்கே ரகம் இருக்கட்டும், வைரஸ் இருக்கிறதா என்றுகூட யாரும் தேடவில்லை. இன்று அதே வினிகர் பரிசோதனை நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கிறது.

அப்பாவின் விஷயம் வேறு, அதற்குத் தனிக் கவனம் வேண்டும். ஹெபடைடிஸ் பி சுமார் 3,200 எழுத்து மட்டுமே உள்ள சின்ன வைரஸ். பிழை திருத்தாத நொதியால் பிரதி எடுப்பதால் ஹெச்.பி.வி.யைவிட வேகமாக மாறுகிறது. இங்கே மரபுவகைக்கு, அதாவது வைரஸின் மரபணு ரகத்துக்கு, எடை உண்டு. கிழக்கு ஆசியாவில் சி மரபுவகை, பி-யைவிடக் கல்லீரல் புற்றுநோய் ஆபத்து கூடியது. வைரஸின் மரபுத்தொகுதியில் 1762, 1764 என்ற இடங்களில் சேர்ந்து வரும் மாற்றமும் ஆபத்தைக் கூட்டுகிறது. இந்தியாவில் அதிகம் இருப்பவை ஏ, டி மரபுவகைகள். ஆனாலும் தைவானில் 3,653 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியான ஆய்வில் ஆபத்தை வலுவாக முன்கூட்டிச் சொன்னது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவுதான். டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் எல்லா மரபுவகைகளையும் அடக்கும். மரபுவகையைப் பார்த்து முடிவெடுப்பது முக்கியமாக இன்டர்ஃபெரான் ஊசி கொடுப்பதாக இருந்தால்தான்.

ஹெபடைடிஸ் பி ஒரே வீட்டில் பலருக்கும் இருக்கக்கூடியது. பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும், ஒரே ரேசர், டூத்பிரஷ் வழியாக வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும். அதனால் நீங்கள், அம்மா, தம்பி மூன்று பேரும் மூன்று ரத்தப் பரிசோதனைகளைச் சேர்த்துச் செய்யுங்கள்: ஹெச்.பி.எஸ். ஆன்டிஜென், மொத்த ஆன்டி-ஹெச்.பி.சி., ஆன்டி-ஹெச்.பி.எஸ். அளவு. மூன்றும் நெகட்டிவ் என்றால் தடுப்பூசி, முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம். கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டி-ஹெச்.பி.எஸ். 10-க்குக் குறையாமல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது. முதலில் சொன்ன ஹெச்.பி.எஸ். ஆன்டிஜென் பாசிட்டிவ் என்றால் கல்லீரல் மருத்துவரிடம் வைரஸ் அளவு, கல்லீரல் நொதியான ஏ.எல்.டி., ஸ்கேன். அப்பாவுக்குப் புற்றுநோய் வந்த குடும்பம் என்பதால் வயதைப் பார்க்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டு. சிங்கப்பூரில் இருப்பதால் தம்பி ஊர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அங்கேயே செய்துகொள்ளச் சொல்லுங்கள்.